சென்னைக் கடலோரத்தில் நிலநடுக்க ஆழம் கணித்த வரலாறு

சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும் அவ்வப்போது நில அதிர்வுகள் உணரப்பட்டு வந்துள்ளன. ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்ததும் அது எங்கே, எப்போது, எவ்வளவு வலிமையுடன் ஏற்பட்டது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அது நிலத்துக்கு அடியில் எவ்வளவு ஆழத்தில் தோன்றியது என்பதுதான் கடைசியாகத் தெரியவருவது. பல நேரங்களில் தெரியாமலே போவதும் உண்டு. இந்தக் கடலோரத்தைப் பொறுத்தவரை, செய்திகளில் வரும் ஆழ எண் சில வேளைகளில் அளந்து கண்டது அன்று, கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டது. ஆழத்தைக் கணிக்கும் முறைகள் எப்படி வளர்ந்தன, கடலோரத்தில் அவை ஏன் தடுமாறுகின்றன, இதனால் சென்னைப் புறநகரில் வாழ்வோருக்கு என்ன தொடர்பு என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கீழ்மையமும் மேல்மையமும்

நிலத்துக்கு அடியில் பாறை முறிந்து நழுவத் தொடங்கும் இடம் கீழ்மையம் எனப்படும். அதற்கு நேர் மேலே தரையில் அமையும் புள்ளி மேல்மையம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே நிலநடுக்கத்தின் ஆழம். 70 கி.மீ. வரை ஆழமுள்ளவை மேலோட்டமானவை, 70 முதல் 300 கி.மீ. வரை இடைநிலை ஆழம் கொண்டவை, 300 கி.மீ.-க்குக் கீழே சுமார் 700 கி.மீ. வரை தோன்றுபவை ஆழ் நிலநடுக்கங்கள் என்று வகைப்படுத்துகின்றனர்.

தாழத் தொங்கும் விளக்கு ஒரு சிறு வட்டத்தில் பளிச்சென்று ஒளி தரும். அதே விளக்கை உயரத்தில் கட்டினால் வட்டம் விரியும், ஒளி மங்கும். நிலநடுக்கமும் ஏறத்தாழ அப்படித்தான். ஒரே வலிமையுள்ள இரண்டு நிலநடுக்கங்களில் ஒன்று 10 கி.மீ. ஆழத்திலும் மற்றது 50 கி.மீ. ஆழத்திலும் தோன்றினால், முதலாவது மேல்மையத்தைச் சுற்றியுள்ள ஊர்களைக் கடுமையாக உலுக்கும். இரண்டாவது பரந்த பகுதியில் மிதமாக உணரப்படும்.

கருவிகளுக்கு முந்தைய பதிவுகள்

சென்னையின் பழைய நிலநடுக்கங்கள் பற்றிய செய்திகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. 1807 டிசம்பர் 10, 1816 செப்டம்பர் 16 ஆகிய நாள்களில் சென்னை அருகேயும், 1822 ஜனவரி 29 அன்று வந்தவாசிப் பகுதியிலும், 1823 மார்ச் 2 அன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டதாகப் பட்டியல்கள் குறிப்பிடுகின்றன. இவற்றின் அளவு 5-ஐ ஒட்டியதாகப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது. இந்தியப் புவியியல் அளவைத் துறையின் தாமஸ் ஓல்டாம் 1869 வரையிலான இந்திய நிலநடுக்கங்களைத் தொகுத்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அந்தத் தொகுப்பை 1883-இல் வெளியிட்டார்.

1823 நிலநடுக்கத்தின் மேல்மையம் 13 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு என்று பட்டியலில் தரப்பட்டுள்ளது. வரைபடத்தில் இந்தப் புள்ளி ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் விழுகிறது. ஆனால் இரண்டு எண்களும் முழு எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பாகை என்பது சுமார் 110 கி.மீ. ஆகவே இது அளந்து குறித்த புள்ளி ஆகாது. அதிர்வு உணரப்பட்ட ஊர்களை வைத்துத் தோராயமாகக் குறித்த இடம். மேல்மையமே இப்படி இருக்கும்போது ஆழத்தைக் கண்டறிய வழியே இல்லை.

கருவி இல்லாமலும் ஆழத்தைக் கணிக்கலாம் என்று அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் முயன்றார். 1857 டிசம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் அரசில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் அங்கு சென்று இடிந்த சுவர்களின் விரிசல்களை அளந்தார். அதிர்வு வந்த திசைக்குச் செங்குத்தாகச் சுவர் பிளக்கும் என்று கொண்டு, ஒவ்வொரு விரிசலிலிருந்தும் நிலத்துக்குள் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுகள் சந்திக்கும் இடமே கீழ்மையம் என்பது அவர் கருத்து. அவருக்குக் கிடைத்த சராசரி ஆழம் 10 கி.மீ.-ஐ ஒட்டியது. சுவர் எப்படி விரியும் என்பது கட்டுமானத்தையும் பொறுத்தது என்பதால் இம்முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் நிலநடுக்கத்துக்கு அளக்கத்தக்க ஆழம் ஒன்று உண்டு என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது.

1881: கடல்மட்ட அளவிகள் சொன்ன செய்தி

1881 டிசம்பர் 31 காலையில் கார் நிகோபார் தீவை ஒட்டிக் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வங்கக் கடலுக்கு இப்பாலுள்ள சென்னையிலும் அது உணரப்பட்டது. கடலுக்கு அடியில் தோன்றிய நிலநடுக்கத்தை ஆராய அப்போது நிலநடுக்கப் பதிவுக்கருவி எதுவும் இந்தியாவில் இல்லை. ஆனால் துறைமுகங்களில் கடல்மட்டத்தைத் தொடர்ந்து வரையும் அளவிகள் இருந்தன. வங்கக் கடலைச் சுற்றி எட்டு இடங்களில் அந்த அளவிகள் ஒரு சிறு ஆழிப்பேரலையைப் பதிவு செய்தன.

ஆர். டி. ஓல்டாம் 1884-இல் இந்த நிலநடுக்கம் பற்றிய குறிப்பை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2003-இல், மொடெஸ்டோ ஓர்டிஸ், ரோஜர் பில்ஹாம் ஆகியோர் அதே பழைய அளவிப் பதிவுகளைக் கணினியில் மீண்டும் ஆராய்ந்தனர். அலைகள் வந்த நேரத்தையும் உயரத்தையும் வைத்து, கடலடியில் கிழக்கு நோக்கிச் சாய்ந்த, ஆழம் குறைந்த ஒரு பிளவு நழுவியிருக்க வேண்டும் என்று கணித்தனர். அளவு சுமார் 7.9 என்றனர். அடுத்த ஆண்டே அதே பிளவு வரிசையில் 2004 டிசம்பர் 26 பேரழிவு நிகழ்ந்தது.

அலைகளின் கணக்கு

1897 ஜூன் 12 அசாம் பெருநிலநடுக்கத்துக்குப் பின் இந்தியாவில் நிலநடுக்கப் பதிவுக்கருவிகள் நிறுவப்பட்டன. ஆங்கிலேய அறிஞர் ஜான் மில்ன் வடிவமைத்த கருவிகள் கல்கத்தாவின் அலிப்பூரிலும் பம்பாயின் கொலாபாவிலும், 1899-இல் கொடைக்கானலிலும் வைக்கப்பட்டன. தமிழகத்தின் கருவிவழி நிலநடுக்க வரலாறு கொடைக்கானலில் தொடங்குகிறது.

அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம், மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்வதைக் காட்டினார். முதலில் வருபவை முதன்மை அலைகள். அடுத்து வருபவை இரண்டாம் அலைகள். கடைசியில் வருபவை மேற்பரப்பு அலைகள். பாறையில் முதன்மை அலை நொடிக்கு சுமார் 6 கி.மீ. வேகத்திலும் இரண்டாம் அலை சுமார் 3.5 கி.மீ. வேகத்திலும் செல்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து மேகத்தின் தொலைவை அறிவதுபோல, இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துக் கீழ்மையத்தின் தொலைவை அறியலாம். ஒரு நொடி இடைவெளி என்றால் சுமார் 8.4 கி.மீ. தொலைவு.

இந்தத் தொலைவு தரையின் மேல் அளந்த தொலைவு அன்று. நிலத்துக்குள் சாய்வாகச் செல்லும் தொலைவு. எனவே அதற்குள் ஆழமும் மறைந்திருக்கிறது. மூன்று, நான்கு நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆழத்தைப் பிரித்தெடுக்க முடியும்.

ஜப்பானின் கியோ வடாட்டி 1928-இல் இந்தக் கணக்கைக் கொண்டு ஒரு பெரிய உண்மையை நிறுவினார். சில நிலநடுக்கங்களில் மேல்மையத்துக்கு மிக அருகிலுள்ள நிலையங்களில்கூட இரண்டு அலைகளுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது. அருகில் இருந்தும் தொலைவு அதிகம் என்றால், அந்தத் தொலைவு கீழ்நோக்கியதாகத்தான் இருக்க வேண்டும். அவை 300 கி.மீ.-க்கும் அதிக ஆழத்தில் தோன்றியவை என்று அவர் காட்டினார். இந்தியாவிலும் இந்தக் கேள்வி எழுந்திருந்தது. வானிலை ஆய்வுத் துறையின் எஸ். கே. பானர்ஜி 1925-இலேயே கீழ்மைய ஆழம் குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

ஒரு தட்டு மற்றொரு தட்டின் அடியில் சரிந்து இறங்கும் இடங்களில்தான் மிக ஆழமான நிலநடுக்கங்கள் பொதுவாகத் தோன்றுகின்றன. இந்துகுஷ் மலைப்பகுதியில் 200 கி.மீ.-க்கும் அதிக ஆழத்தில் அவை நிகழ்கின்றன. தமிழகக் கடலோரத்தின் அடியில் அப்படிச் சரியும் தட்டு இல்லை. எனவே இங்கு தோன்றுபவை எல்லாம் மேலோட்டமான வகையைச் சேர்ந்தவை. அந்த 70 கி.மீ.-க்குள் எங்கே என்பதுதான் இங்குள்ள கேள்வி.

அணுகுண்டுச் சோதனை தந்த உந்துதல்

ஆழக் கணிப்பு விரைவாக வளர்ந்ததற்கு அரசியலும் ஒரு காரணம். நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைத் தடைசெய்வது பற்றி வல்லரசுகள் பேசத் தொடங்கியபோது, ஒரு அதிர்வு இயற்கையானதா வெடியால் வந்ததா என்று கண்டறிய வேண்டியிருந்தது. மனிதர் துளையிட்டு வெடி வைக்கக்கூடிய ஆழம் சில கி.மீ.-க்குள் அடங்கும். ஆகவே அதிர்வு 20 அல்லது 30 கி.மீ. ஆழத்தில் தோன்றியது என்று உறுதியானால் அது வெடி அன்று.

இந்தத் தேவைக்காக 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா உலகெங்கும் ஒரே வகைக் கருவிகளைக் கொண்ட நிலையங்களை அமைத்தது. கொடைக்கானலும் அவற்றுள் ஒன்று. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960களின் நடுவில் பிரிட்டனின் ஒத்துழைப்புடன் இந்திய அணுசக்தித் துறை ஒரு கருவி வரிசையை நிறுவியது. சென்னைக்கு மேற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில் உள்ள அது, தென்னிந்தியாவில் மிக நுண்ணிய அதிர்வுகளையும் பிடிக்கும் நிலையமாக ஆனது.

கடலோரத்தின் சிக்கல்: 2001 எடுத்துக்காட்டு

2001 செப்டம்பர் 25 அன்று இரவு 8.26 மணிக்குப் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. மேல்மையம் புதுச்சேரியிலிருந்து சுமார் 40 கி.மீ., சென்னையிலிருந்து சுமார் 125 கி.மீ. தொலைவில் இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 26-இல் நிகழ்ந்த குஜராத் பேரழிவின் நினைவு மாறாத நேரம் அது. மக்கள் வீடுகளை விட்டுத் தெருவுக்கு வந்தனர்.

இப்படிப்பட்ட நிலநடுக்கத்தின் ஆழத்தைக் கண்டறிவது ஏன் கடினம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். மேல்மையத்திலிருந்து 120 கி.மீ. தொலைவில், அதாவது ஏறத்தாழ பூந்தமல்லியில், ஒரு கருவி இருப்பதாகக் கொள்வோம். கீழ்மையம் 10 கி.மீ. ஆழத்தில் இருந்தால் சாய்வுத் தொலைவு 120.4 கி.மீ. 30 கி.மீ. ஆழத்தில் இருந்தால் 123.7 கி.மீ. ஆழம் மூன்று மடங்கு ஆகியும் தொலைவு 3.3 கி.மீ. மட்டுமே கூடுகிறது. இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஏற்படும் மாற்றம் அரை நொடிக்கும் குறைவு. வழியிலுள்ள பாறையின் தன்மை சற்று மாறினாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும்.

அதே கருவி மேல்மையத்திலிருந்து 10 கி.மீ. தொலைவில் இருந்திருந்தால், சாய்வுத் தொலைவுகள் 14.1 கி.மீ., 31.6 கி.மீ. என்று வந்திருக்கும். நேர வேறுபாடு 2 நொடிக்கு மேல். இதைத் தவறவிட முடியாது. இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது: கீழ்மைய ஆழத்துக்கு ஒப்பான தொலைவுக்குள் ஒரு நிலையமாவது இருந்தால்தான் ஆழத்தை நம்பிக்கையுடன் சொல்ல முடியும்.

கடலோரத்தில் இந்த விதியை நிறைவேற்றுவது அரிது. நிலையங்கள் எல்லாம் மேற்கே நிலத்தில் இருக்கின்றன, கிழக்கே கடல். நிலநடுக்கத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்து பார்க்க முடிவதில்லை. கணக்கில் அகலாங்கு, நெட்டாங்கு, நேரம், ஆழம் என்று நான்கு விடைகள் தேவை. ஒரு பக்கத்துப் பதிவுகள் மட்டும் இருந்தால், ஆழத்தை மாற்றிவிட்டு நேரத்தையும் இடத்தையும் சிறிது திருத்தினால் கணக்கு மீண்டும் பொருந்திவிடும். போதாக்குறைக்குக் கடலே நிலத்தை ஓயாமல் மெல்ல அதிரச் செய்கிறது. இந்தியக் கடல்களில் எழும் புயல்களும் பருவக்காற்று அலைகளும் கருவிகளில் பதிவாவதை மேலே குறிப்பிட்ட பானர்ஜி 1930-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

10, 33 என்ற எண்கள்

ஆழத்தைப் பிரித்தெடுக்க முடியாதபோது ஆய்வு மையங்கள் ஒரு எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று விடைகளைக் காண்கின்றன. முன்பு அந்த எண் 33 கி.மீ. 1940-இல் வெளியான ஜெஃப்ரீஸ்–புல்லன் அலைநேர அட்டவணையில் புவி ஓட்டின் தடிமன் 33 கி.மீ. என்று கொள்ளப்பட்டதே அதற்குக் காரணம். பெரும்பாலான மேலோட்ட நிலநடுக்கங்கள் அதைவிடக் குறைந்த ஆழத்தில் தோன்றுவது தெரிந்தபின் 10 கி.மீ. வழக்கத்துக்கு வந்தது.

2019 பிப்ரவரி 12 காலை 7.02 மணிக்குச் சென்னைக்குச் சுமார் 600 கி.மீ. தொலைவில் வங்கக் கடலில் ஏற்பட்ட, 5-ஐ ஒட்டிய அளவுள்ள நிலநடுக்கம் சென்னையில் உணரப்பட்டது. அன்றைய அறிவிப்புகளிலும் ஆழம் 10 கி.மீ. என்றே இருந்தது. ஓர் அறிவிப்பில் 10 என்ற முழு எண் இருந்தால், அது அளந்த எண்ணாகவும் இருக்கலாம், நிலையாக வைத்த எண்ணாகவும் இருக்கலாம். பிழை எல்லை தரப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே இரண்டையும் வேறுபடுத்தும் வழி. மாணவர்கள் பட்டியல்களிலிருந்து சராசரி ஆழம் கணக்கிடும்போது இதை மறந்தால், இயற்கையின் சராசரிக்குப் பதில் வழக்கத்தின் சராசரியே கிடைக்கும்.

எதிரொலியில் கிடைத்த ஆழம்: 2014

அருகில் நிலையம் இல்லாதபோது இன்னொரு வழி உண்டு. கீழ்மையத்திலிருந்து ஓர் அலை நேராகக் கீழ்நோக்கிக் கிளம்பி, புவிக்குள் வளைந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவிலுள்ள நிலையத்தை அடைகிறது. மற்றோர் அலை முதலில் மேலே சென்று, மேற்பரப்பில் எதிரொலித்துத் திரும்பி, அதே வழியில் பின்தொடர்கிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பும் நேரம் கிணற்றின் ஆழத்தைக் காட்டுவதுபோல, இவ்விரு அலைகளின் இடைவெளி கீழ்மையத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. 10 கி.மீ. ஆழத்துக்கு இந்த இடைவெளி சுமார் 3 நொடி. முதல் அலையின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்து அதனுடன் கலந்துவிடும். 50 கி.மீ. என்றால் 12 நொடிக்கு மேல். தெளிவாகப் பிரிந்து தெரியும். கடலடி நிலநடுக்கங்களில் கடலின் மேற்பரப்பிலிருந்தும் தனியே ஓர் எதிரொலி வரும் என்பதால் கவனம் தேவை.

2014 மே 21 அன்று இரவு சுமார் 9.52 மணிக்கு வங்கக் கடலில் 6.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தொலைவில் இருந்தும் இங்குள்ள மாடிக் கட்டடங்களில் அதை உணர்ந்தனர். அதன் ஆழம் சுமார் 50 கி.மீ. என்று கண்டறியப்பட்டது. கடலடியில் புவி ஓட்டின் தடிமன் பொதுவாக 7 கி.மீ. அளவே. எனவே இந்த நிலநடுக்கம் ஓட்டைத் தாண்டி அதன் அடியிலுள்ள மூடகப் பாறையில் தோன்றியது. வங்கக் கடலின் அடித்தட்டு மிகப் பழையது, குளிர்ந்து இறுகிப்போனது. அதனால் அவ்வளவு ஆழத்திலும் பாறை நெகிழாமல் முறியும் தன்மையுடன் இருக்கிறது. இங்கே 10 கி.மீ. என்று வைத்திருந்தால் இந்த உண்மை மறைந்தே போயிருக்கும்.

ஆழமும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே தோன்றிய 9.1 அளவுள்ள நிலநடுக்கத்தின் கீழ்மையம் சுமார் 30 கி.மீ. ஆழத்தில் இருந்தது. பிளவு அங்கிருந்து மேலேறிக் கடல்தளத்தை உயர்த்தியதால் ஆழிப்பேரலை எழுந்தது. சென்னையில் அதிர்வு உணரப்பட்டதற்கும் அலை வந்ததற்கும் இடையே சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்த அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. ஒரு நிலநடுக்கம் கடலுக்கு அடியில் தோன்றியதா, வலிமையானதா, ஆழம் குறைந்ததா என்ற மூன்றும் அதன் முதல் கேள்விகள்.

ஆழம் மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 8.6 அளவுள்ள நிலநடுக்கத்தால் சென்னை அலுவலகங்களிலிருந்து மக்கள் வெளியேறினர், எச்சரிக்கையும் விடப்பட்டது. பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல்தளம் பெரிதும் உயரவில்லை, பேரலையும் எழவில்லை.

மேற்குப் புறநகரும் ஆழக் கேள்வியும்

2002-இல் திருத்தப்பட்ட இந்தியக் கட்டட விதியில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. மண்டலம் நகருக்கு ஒன்றாக இருந்தாலும் நிலம் ஒன்றாக இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் சார்னோக்கைட் என்னும் கடும்பாறை வெளியே தெரிகிறது. மேற்கே ஆவடி, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் மண்ணுக்கு அடியில் கோண்டுவானாக் காலத்துக் களிப்பாறைகளும் மணற்பாறைகளும் உள்ளன. கூவம் ஆற்றின் வண்டலும் அம்பத்தூர், கொரட்டூர், செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளைச் சுற்றியுள்ள களிமண்ணும் மேலே படிந்துள்ளன. மென்மையான மண் அதிர்வைப் பெருக்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் மேல்மையத்துக்கு 200 கி.மீ.-க்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்ததில் மண்ணின் பங்கும் கட்டுமானக் குறைகளும் உண்டு.

ஒரு கட்டடம் எவ்வளவு அதிர்வைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளருக்கு மூன்று எண்கள் வேண்டும்: வரக்கூடிய நிலநடுக்கத்தின் அளவு, தொலைவு, ஆழம். 1823-இல் நிகழ்ந்தது போன்ற ஒன்று புறநகரின் அடியிலேயே மீண்டும் நிகழ்ந்தால், 10 கி.மீ. ஆழத்துக்கும் 30 கி.மீ. ஆழத்துக்கும் மேல்மையத்தில் உணரும் அதிர்வு மூன்று மடங்கு வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், வேறுபடக்கூடும். அன்று வயல்களும் ஏரிகளுமாக இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

அருகில் நிலையம் வைப்பதும் எளிதன்று. அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலைகளின் இயந்திரங்களும் அரக்கோணம் வழித்தட ரயில்களும் நெடுஞ்சாலை லாரிகளும் தரையை எப்போதும் அதிரச் செய்கின்றன. நுண்ணிய அதிர்வுகளைப் பிடிக்கும் கருவியைப் பாறையின் மேல், அல்லது ஆழ்துளைக்குள், இந்த இரைச்சலுக்கு அப்பால் வைக்க வேண்டியிருக்கிறது.

ராபர்ட் மாலெட் சுவர் விரிசல்களை அளந்த காலத்திலிருந்து முறைகள் பெரிதும் முன்னேறியுள்ளன. 2014 நிலநடுக்கம் போன்ற தொலைவுக் கடல் நிலநடுக்கங்களின் ஆழம் உலக நிலையங்களின் துணையால் தெரியவருகிறது. கரையை ஒட்டியும் நகரின் அடியிலும் தோன்றும் சிறு அதிர்வுகளுக்குத்தான் அருகிலுள்ள கருவிகள் தேவைப்படுகின்றன. நிலத்தில் நெருக்கமான நிலையங்களும் கடலடியில் சில கருவிகளும் தொடர்ந்து இயங்கினால், பழைய பட்டியலில் காலியாக உள்ள ஆழக் கட்டத்தை இனிவரும் நிலநடுக்கங்களுக்காவது அளந்து கண்ட எண்ணால் நிரப்ப முடியும்.